திரையில் காதலும் கொடுநோயும்: காசநோய் முதல் இரத்தப் புற்றுநோய் வரை



2004ஆம் ஆண்டு ஜப்பானில் ஒரு காதல் திரைப்படம் வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது. ‘உலகின் நடுவே நின்று காதலை உரக்கச் சொல்வேன்’ என்று அதன் தலைப்பைத் தமிழில் கூறலாம். கியோய்ச்சி கதயாமா என்பவர் 2001இல் எழுதிய நாவலைத் தழுவி இசாவோ யுகிசாதா அதனை இயக்கினார். நாவல் முப்பது இலட்சம் படிகளுக்கு மேல் விற்பனையானது. கதை மிக எளியது. 1980களில் கடலோரச் சிற்றூர் ஒன்றில் உயர்நிலைப் பள்ளியில் பயிலும் சக்குத்தாரோவும் அக்கியும் காதலிக்கிறார்கள். ஒலிநாடாவில் தங்கள் குரலைப் பதிவு செய்து கடிதம்போல் பரிமாறிக்கொள்கிறார்கள். அக்கிக்கு இரத்தப் புற்றுநோய் வருகிறது. அவள் காண விரும்பிய ஆஸ்திரேலியப் பாறைக்கு அழைத்துச் செல்ல அவன் முயல்கிறான். சூறாவளியால் விமானம் புறப்படவில்லை. அவள் இறந்துபோகிறாள். ஆண்டுகள் பல கழிந்து, நடுத்தர வயதை நெருங்கும் அவன் பழைய ஒலிநாடாக்களைக் கேட்டபடி தன் ஊருக்குத் திரும்புகிறான்.

இக்கதையை ஒரு தமிழரிடம் கூறினால் அவர் வியப்படைய மாட்டார். “இது நம் படம்போல் இருக்கிறதே” என்பார். உண்மைதான். காதலும் கொடுநோயும் கைகோத்து வரும் கதைகளைத் தமிழ்த் திரையுலகம் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லி வந்துள்ளது. அவை நம் பெற்றோரையும் பாட்டிமாரையும் அழவைத்தன. கூடவே சிலவற்றைக் கற்றும் கொடுத்தன. அவ்வாறு கற்றவற்றுள் ஒன்று காலாவதியாகிவிட்டது. இன்னொன்று இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது. அந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காதலே நோயாக இருந்த காலம்

பழந்தமிழ் இலக்கியத்தில் காதலர்க்கு நோய் வெளியிலிருந்து வருவதில்லை. காதலே நோய். திருக்குறளின் காமத்துப்பாலில் ‘நோய்’ என்னும் சொல் பெரும்பாலும் பிரிவுத் துன்பத்தையே சுட்டும். சங்க அகப்பாடல்களில் தலைவியின் மேனியில் பசலை படரும், தோள் மெலியும், வளை கழலும். தாய் அதைத் தெய்வக் குற்றம் என்று எண்ணி வெறியாட்டு எடுப்பாள். நோயின் காரணத்தை அறிந்தவள் தோழி மட்டுமே. தலைவன் வந்தால் நோய் தீர்ந்துவிடும். நோயைத் தந்தவனே மருந்தும் ஆவான்.

புதுக்காலக் கதைகள் இந்த வரிசையை மாற்றின. நோய் வெளியிலிருந்து வருகிறது. காதலன் அருகில் இருந்தாலும் அது தீராது. இந்த மாற்றத்தைக் கொண்டுவந்த நோய் காசநோய்.

காசநோயின் காலம்

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் காசநோய் பரவலாக இருந்தது. இளவயதினரைத் தாக்கும், மெல்ல மெல்ல உடலைக் கரைக்கும், அறிவு இறுதிவரை தெளிவாக இருக்கும். கதாசிரியர்களுக்கு இதைவிட ஏற்ற நோய் கிடைக்கவில்லை. 1853இல் அரங்கேறிய ‘லா திராவியாத்தா’ என்னும் இசைநாடகத்தின் நாயகி காசநோயால் இறக்கிறாள். இராபர்ட் கோக் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தது 1882இல்தான்.

ஜப்பானில் இவ்வகைக் கதையின் முன்னோடி தொகுதோமி ரோக்கா எழுதிய ‘ஹொத்தொத்தோகிசு’. 1898, 1899ஆம் ஆண்டுகளில் தொடராக வெளிவந்த நாவல் அது. கடற்படை அதிகாரி ஒருவரின் இளம் மனைவி நமிக்கோவுக்குக் காசநோய் வருகிறது. கணவன் ஊரில் இல்லாத வேளையில் மாமியார் அவளைப் பிறந்தகத்துக்கு அனுப்பி மணவிலக்குச் செய்துவிடுகிறார். அவள் கணவனை எண்ணியபடியே இறக்கிறாள். இந்நாவல் பலமுறை நாடகமாகவும் திரைப்படமாகவும் எடுக்கப்பட்டது. 1950ஆம் ஆண்டுவரை ஜப்பானில் இறப்புக்குக் காரணமானவற்றுள் காசநோயே முதலிடத்தில் இருந்தது என்பதை நினைத்தால், மக்கள் ஏன் அக்கதையை விடாமல் பார்த்தார்கள் என்பது விளங்கும்.

அந்தக் காலத்தின் சுவடு ஒன்று சிங்கப்பூரிலும் உண்டு. ஹவ்காங் வட்டாரத்தில் 1891இல் தோற்றுவிக்கப்பட்ட ஜப்பானிய இடுகாடு இப்போது பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிறது. அங்கே ஃபுதாபதேய் ஷிமேய் என்னும் எழுத்தாளருக்கு நினைவுக்கல் உள்ளது. பேச்சு வழக்கை ஒட்டிய நடையில் ஜப்பானின் முதல் புதுக்கால நாவலை எழுதியவர் என்று போற்றப்படுபவர் அவர். 1909இல் ரஷ்யாவிலிருந்து கப்பலில் தாயகம் திரும்பும் வழியில், வங்கக் கடலில், காசநோயால் உயிர் துறந்தார். அவருடைய உடல் சிங்கப்பூரில் எரியூட்டப்பட்டது.

சிங்கப்பூர்த் தமிழர்க்கும் காசநோய் தொலைவில் இருந்த செய்தி அன்று. தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலை வழியே நடந்தால் பாலஸ்டியர் சாலைச் சந்திப்பு வரும். 1844இல் தொடங்கப்பட்ட டான் டோக் செங் மருத்துவமனை ஒரு காலத்தில் அங்கே இருந்தது. 1909இல் அது மோல்மீன் சாலைக்கு மாறியது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அந்த மருத்துவமனை என்றாலே காசநோய் என்றுதான் மக்கள் எண்ணினர். நெருக்கமான கடைவீடுகளில் ஒரே அறையில் பலர் படுத்துறங்கிய நகரத்தில் காசநோய் எளிதாகப் பரவியது. 1947இல் சிங்கப்பூர்க் காசநோய் எதிர்ப்புச் சங்கம் நிறுவப்பட்டது. ஊடுகதிர்ப் படம் எடுப்பதும் மருந்து கொடுப்பதும் அதன் பணிகள். காசநோய் வந்த வீடு அதை வெளியே சொல்லாது. பெண் பார்க்க வருபவர்களுக்குத் தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும். இருமல் என்பார்கள், சளி என்பார்கள், ‘உடம்பு கொஞ்சம் சரியில்லை’ என்பார்கள்.

இச்சூழலில் 1961இல் ‘பாலும் பழமும்’ வெளிவந்தது. பீம்சிங் இயக்கிய படம். சிவாஜி கணேசன் மருத்துவர். சரோஜாதேவி அவரிடம் பணியாற்றும் தாதி. இருவரும் மணந்துகொள்கிறார்கள். மனைவிக்குக் காசநோய் வருகிறது. கணவர் தம் ஆராய்ச்சியை விட்டுவிட்டு அவளுக்குப் பணிவிடை செய்கிறார். தன்னால் அவருடைய பணி கெடக்கூடாது என்று அவள் சொல்லாமல் வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். இறந்துவிட்டதாக எல்லாரும் நம்புகிறார்கள். அவளோ சுவிட்சர்லாந்து சென்று நலம் பெற்றுத் திரும்புகிறாள்.

இப்படத்தில் ஒரு செய்தியைப் பலர் கவனிப்பதில்லை. கணவர் செய்துவந்த ஆராய்ச்சி புற்றுநோய் பற்றியது. அதாவது, தீர்க்கக்கூடிய நோயாக மாறிக்கொண்டிருந்த காசநோய் மனைவிக்கு வருகிறது. தீர்க்க முடியாத புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் காத்திருக்கிறது. ஒரு நோயின் காலம் முடிந்து அடுத்த நோயின் காலம் தொடங்குவதை ஒரே கதைக்குள் காணலாம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கதாநாயகி சிகிச்சைக்காகச் சுவிட்சர்லாந்து போனாள். ஆனால் அதே ஆண்டுகளில் உலகத்தின் பார்வை சென்னையை நோக்கித் திரும்பியிருந்தது. 1956இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வு மன்றம் ஆகியவை சேர்ந்து நடத்திய மையம் அது. நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினரைக் காசநோய் விடுதியில் சேர்த்தனர். மற்றொரு பிரிவினர் தத்தம் வீட்டில் இருந்தபடியே மருந்து உட்கொண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஏழைகள். நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள். 1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ விடுதியில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தனர். அவர்களுடைய குடும்பத்தாருக்கு நோய் தொற்றும் ஆபத்தும் அதனால் கூடவில்லை. மலைக்காற்றும் தனிமையும் தேவையில்லை, மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் போதும் என்பதை உலகம் சென்னையின் எளிய மக்களிடமிருந்து கற்றது. 1970களில் சிங்கப்பூரிலும் பிரிட்டிஷ் ஆய்வாளர்களுடன் சேர்ந்து நடத்திய ஆய்வுகள் சிகிச்சைக் காலத்தை மேலும் சுருக்க உதவின.

அதன்பின் காதல் கதைகளிலிருந்து காசநோய் மெல்ல விலகியது. உலகில் அந்நோய் ஒழிந்துவிடவில்லை; இன்றும் ஏழை நாடுகளில் பல இலட்சம் உயிர்களைக் கொண்டுபோகிறது. சிங்கப்பூர்கூட 1997இல் காசநோய் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. ஆனால் மாத்திரையால் தீரும் நோயை வைத்துக் கதாநாயகியைச் சாகடிக்க முடியாது. எனவே திரை வேறொரு நோயைத் தேடியது.

புற்றுநோய் திரைக்கு வந்தது

‘பாலும் பழமும்’ வெளிவந்த அடுத்த ஆண்டே, 1962இல், ஸ்ரீதர் இயக்கிய ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ வந்தது. கதை முழுவதும் ஏறத்தாழ ஒரே மருத்துவமனைக்குள் நிகழ்கிறது. புற்றுநோயாளியாக முத்துராமன், அவர் மனைவியாகத் தேவிகா, அவளை முன்பு காதலித்த மருத்துவராகக் கல்யாண்குமார். தான் இறந்தபின் மனைவி தன் பழைய காதலரை மணந்துகொள்ள வேண்டும் என்று கணவன் விரும்புகிறான். மருத்துவரோ இராப்பகலாக உழைத்து அவனைக் காப்பாற்றிவிட்டுத் தாம் உயிர் துறக்கிறார். அடுத்த ஆண்டே இந்தியிலும் இப்படம் எடுக்கப்பட்டது.

அக்காலச் சென்னையில் புற்றுநோய் மருத்துவம் அப்போதுதான் வேரூன்றிக்கொண்டிருந்தது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1955இல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா அவர்கள் 2021இல் மறையும்வரை அதற்கே தம் வாழ்வை ஒப்படைத்தார். புற்றுநோய் என்றால் மருத்துவம் பார்ப்பதே வீண் என்று பலர் நம்பிய காலத்தில் தொடங்கிய பணி அது. அந்த வகையில், நோயாளி பிழைப்பதாகக் காட்டிய ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ தன் காலத்தைவிட முன்னே சென்ற படம் எனலாம்.

ஜப்பானிலும் ஏறத்தாழ இதே ஆண்டுகளில் மாற்றம் நிகழ்ந்தது. மிச்சிக்கோ ஓஷிமா என்னும் கல்லூரி மாணவி முகத்தைத் தாக்கிய அரிய புற்றுநோயால் 1963இல் 21 வயதில் இறந்தார். அவரும் மக்கோத்தோ கோனோ என்னும் மாணவரும் மருத்துவமனையில் அறிமுகமாகிக் காதலித்தவர்கள். அவர்கள் எழுதிக்கொண்ட கடிதங்கள் ‘காதலையும் மரணத்தையும் உற்று நோக்கி’ என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக வெளிவந்து மிகுதியாக விற்பனையாயின. 1964இல் அது திரைப்படமானது. 2004ஆம் ஆண்டுப் படத்தின் மூத்த உறவு இதுவே. கடிதங்கள் இருந்த இடத்தில் பிற்காலத்தில் ஒலிநாடாக்கள் வந்தன.

1970இல் அமெரிக்காவிலிருந்து ‘லவ் ஸ்டோரி’ வந்தது. 1971இல் இந்தியில் ‘ஆனந்த்’ வந்தது. இளமையில் இறப்பவரின் கதை இப்போது உலகம் முழுவதற்கும் பொதுவாகிவிட்டது.

1982ஆம் ஆண்டு

தமிழில் இவ்வகைக் கதையின் உச்சம் 1982. அவ்வாண்டில் இரு படங்கள் வந்தன. ஆர். சுந்தர்ராஜன் இயக்கிய ‘பயணங்கள் முடிவதில்லை’ ஒன்று. மோகனும் பூர்ணிமாவும் நடித்த படம். இளையராஜாவின் பாடல்களால் நாடெங்கும் பரவியது. கதாநாயகன் பாடகன். வாழ்வில் உயர்ந்துவரும் வேளையில் இரத்தப் புற்றுநோய் இருப்பதை அறிகிறான். அதைக் காதலியிடம் கூறாமல் அவளைத் தன்னிடமிருந்து விலக்கப் பார்க்கிறான். மற்றொன்று ‘வாழ்வே மாயம்’. 1981இல் தெலுங்கில் வந்த ‘பிரேமாபிஷேகம்’ படத்தின் தமிழ் வடிவம். கமல்ஹாசன், ஸ்ரீதேவி, ஸ்ரீபிரியா நடித்தது. இங்கும் கதாநாயகனுக்குப் புற்றுநோய். காதலி தன்னை வெறுத்து வேறொருவரை மணந்து நலமாக வாழ வேண்டும் என்பதற்காக அவன் தீயவனைப்போல் நடிக்கிறான்.

சிங்கப்பூரில் என் தலைமுறையினர் பலர் இப்படங்களைத் திரையரங்கில் பார்த்தவர்கள் அல்லர். சிராங்கூன் சாலைக் கடைகளில் வாடகைக்குக் கிடைத்த ஒளிநாடாக்களிலும் பின்னர்த் தொலைக்காட்சியிலும் பார்த்தோம். பாடல்களை ஒலிநாடாவிலும் வானொலியிலும் கேட்டோம். வீவக வீட்டு வரவேற்பறையில் பாட்டி, அம்மா, சித்தி, பிள்ளைகள் அனைவரும் ஒன்றாக அமர்ந்து அழுத படங்கள் இவை. அழுது முடித்தபின் பெரியவர்கள் பேசியதை நான் கேட்டிருக்கிறேன். “பாவம், அந்த நோய் வந்தால் தப்ப முடியாது” என்பது ஒன்று. “அவளிடம் சொல்லாமலே இருந்தானே, எவ்வளவு பெரிய மனசு” என்பது மற்றொன்று. நான் முன்னர்க் குறிப்பிட்ட இரு பாடங்கள் இவையே. இந்த நோய் வந்தால் மரணம் உறுதி. அதை மறைப்பதே அன்பு.

முதற்பாடம் அன்றைக்குப் பெரும்பாலும் உண்மையாக இருந்தது. 1982இல் இந்தியாவில் இரத்தப் புற்றுநோய் வந்தவர்களுள் பிழைத்தவர்கள் மிகச் சிலரே. படம் பொய் சொல்லவில்லை.

மறைத்தல் என்னும் மரபு

இரண்டாம் பாடம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. அகிரா குரோசாவா 1952இல் எடுத்த ‘இக்கிரு’ படத்தில் ஓர் அலுவலர்க்கு வயிற்றுப் புற்றுநோய். மருத்துவர்கள் அதைச் சொல்லாமல் சாதாரணப் புண் என்கிறார்கள். காத்திருக்கும் அறையில் இருந்த வேறொரு நோயாளி, “மருத்துவர் இப்படிச் சொன்னால் அதற்குப் பொருள் இதுதான்” என்று முன்னரே கூறிவிட்டதால் அவர் உண்மையை உணர்ந்துகொள்கிறார். ஜப்பானிய மருத்துவர்கள் நெடுங்காலம் புற்றுநோயைக் குடும்பத்தாரிடம் மட்டுமே சொல்லி நோயாளியிடம் மறைத்துவந்தனர். 1989 ஜனவரியில் பேரரசர் ஹிரோஹித்தோ மறைந்த பிறகே அவருக்கு இருந்தது புற்றுநோய் என்று மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. நாட்டின் பேரரசருக்கே அந்த நிலை. பின்னர்ப் படிப்படியாக அந்த வழக்கம் மாறியது.

அதே 1989இல் மணிரத்னம் தெலுங்கில் எடுத்த ‘கீதாஞ்சலி’ வெளிவந்து, தமிழில் ‘இதயத்தைத் திருடாதே’ என்று மொழிமாற்றம் செய்யப்பட்டது. அதில் காதலர் இருவருமே நோயாளிகள்; அவனுக்குப் புற்றுநோய், அவளுக்கு இதயநோய். அவள் தன் நோயை மூடி மறைத்து மூலையில் அமர்பவள் அல்லள். எல்லாரும் ஒருநாள் இறப்பவர்களே என்று சிரித்துக்கொண்டு திரிபவள். படத்தின் முடிவும் மரணப் படுக்கை அன்று. இருக்கும் நாள்களைச் சேர்ந்து வாழ்வதே முடிவு. மறைத்துத் தியாகம் செய்யும் கதாநாயகர்களுக்குப் பிறகு இது புதிய குரலாக ஒலித்தது. 2004ஆம் ஆண்டு ஜப்பானியப் படத்திலும் அக்கி தன் நோயைக் காதலனிடம் மறைத்து விலகவில்லை. தலைமுடி உதிர்கிறது, உடல் மெலிகிறது. அவனும் உடன் இருந்து காண்கிறான். அக்கியாக நடித்த மசாமி நாகாசாவா அப்பாத்திரத்திற்காகத் தம் தலையை உண்மையாகவே மழித்துக்கொண்டார்.

இருப்பினும் நம் வீடுகளில் நிலைத்தது 1982ஆம் ஆண்டின் பாடமே.

மருத்துவம் எழுதிய மறுபக்கம்

திரை அழவைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில் வேறொரு வரலாறு அமைதியாக நடந்தது. அதில் நம் பக்கத்து மனிதர் ஒருவர் இருக்கிறார். எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895இல் பீமாவரத்தில் பிறந்த தெலுங்கர். சென்னைத் திருவல்லிக்கேணியில் பள்ளிப் படிப்பை முடித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1920களில் அமெரிக்கா சென்றவர். அங்கே ஒரு மருந்து நிறுவனத்தில் அவர் தலைமையில் உருவான மருந்துகளைக் கொண்டுதான் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்தார். 1948இல் அவர் வெளியிட்ட அறிக்கையின்படி 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தணிந்தது. சில மாதங்களே அந்நிலை நீடித்தது என்றாலும், இந்நோய் மருந்துக்குப் பணியும் என்பது முதன்முதலாகத் தெரிந்தது. சுப்பாராவ் அதே ஆண்டில் காலமானார். அவர் உருவாக்கத்தில் பங்காற்றிய மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் பயன்படுகிறது.

அதன்பின் மருத்துவர்கள் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையைக் கண்டனர். 1980களில் அடையாறு மருத்துவமனையும் பிற இந்திய மருத்துவமனைகளும் ஒரு பொதுச் சிகிச்சை முறையைப் பின்பற்றத் தொடங்கியபின் பிழைக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை உயர்ந்தது. கதாநாயகன் திரையில் இறந்துகொண்டிருந்த அதே பத்தாண்டில் இது நிகழ்ந்தது. 2000களின் தொடக்கத்தில் சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகள் சேர்ந்து ‘மா-ஸ்போர்’ என்னும் கூட்டாய்வைத் தொடங்கின. எஞ்சியிருக்கும் நோயின் அளவை நுட்பமாக அளந்து, தேவைப்படும் பிள்ளைக்கு மட்டும் கடுமையான மருந்து கொடுப்பது அதன் வழி. 2012இல் வெளியான முடிவுகளின்படி, குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் இரத்தப் புற்றுநோய் வகையில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் உயிர் பிழைத்தனர்.

எல்லா வகைக்கும் எல்லா வயதுக்கும் இது பொருந்தாது. எல்லாப் பிள்ளைகளும் பிழைப்பதுமில்லை. ஆயினும், “வந்தால் தப்ப முடியாது” என்னும் முதற்பாடம் காலாவதியாகிவிட்டது என்பதில் ஐயமில்லை.

வகுப்பறையில் நான் கண்டது

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்குமுன் என் தாய்மொழி வகுப்பில் தொடக்கநிலை மாணவர் ஒருவர் நெடுநாள் வரவில்லை. “காய்ச்சல்” என்றே வீட்டார் கூறினர். பல மாதங்களுக்குப் பின் தலையில் தொப்பியுடன் திரும்பினார். சிகிச்சை நல்லபடியாக முடிந்திருந்தது. ஆனால் வீட்டார் எங்களுள் ஓரிருவரிடம் மட்டும் உண்மையைக் கூறி, பிள்ளைக்குத் தெரியாது என்றனர். “தெரிந்தால் மனசு உடைந்துவிடும் டீச்சர்” என்று பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய அன்பில் குறை ஏதுமில்லை.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அந்தப் பிள்ளை என்னிடம் தனியாக வந்து கேட்டது. “டீச்சர், பாட்டி பார்க்கிற பழைய படத்துல, என்னோட நோய் வந்தவரு கடைசியில செத்துடுவாருல்ல?”

பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மருத்துவமனைச் சுவர்களில் எழுதியிருந்ததைப் படித்திருக்கிறது. பக்கத்துப் படுக்கைப் பிள்ளைகளிடம் பேசியிருக்கிறது. தெரியாதது ஒன்றுதான்: தான் பிழைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது. நோயின் பெயரைச் சொல்லாதவர்கள் அந்த நல்ல செய்தியையும் சொல்ல முடியாமல் போனது. மேலும், தனக்குத் தெரியும் என்று தெரிந்தால் பாட்டி அழுவார் என்று அந்தப் பிள்ளையும் மறைத்து வந்தது. பாட்டிக்காகப் பேரப்பிள்ளை, பேரப்பிள்ளைக்காகப் பாட்டி. ‘வாழ்வே மாயம்’ கதையை ஒரு வீட்டில் இருவர் சேர்ந்து நடித்துக்கொண்டிருந்தனர்.

நான் உடனே எதுவும் கூறவில்லை. பிள்ளையின் தாயாரிடம் பேசினேன். அவர்கள் மருத்துவருடன் அமர்ந்து பிள்ளையிடம் எல்லாவற்றையும் விளக்கினார்கள். அதன் பிறகு தொப்பி சில வாரங்களிலேயே காணாமற்போனது.

நாம் செய்யக்கூடியவை

சிங்கப்பூரில் சிறுவர் புற்றுநோய் அறநிறுவனம் 1992 முதல் இயங்கி வருகிறது. நோயுற்ற பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் துணை நிற்பதோடு, அவர்கள் பள்ளிக்குத் திரும்பவும் உதவுகிறது. 2003இல் அது தொடங்கிய தலைமழிப்பு இயக்கத்தில் பள்ளி மாணவர்களும் பங்கேற்றுள்ளனர். மொட்டை அடிப்பது நமக்குப் புதிதன்று. நேர்த்திக்கடனாக நாம் செய்வதுதான். நோயுற்ற நண்பன் தனித்துத் தெரியக்கூடாது என்பதற்காகச் செய்வதும் ஒரு நேர்த்திக்கடனே என்று வகுப்பில் விளக்கினால் பிள்ளைகள் எளிதில் புரிந்துகொள்கிறார்கள்.

பெற்றோர்க்கு என் வேண்டுகோள் இது. வீட்டில் யாருக்கேனும் கடும் நோய் வந்தால் பிள்ளைகளிடம் வயதுக்கேற்ற சொற்களில் உண்மையைக் கூறுங்கள். நோயின் பெயரைச் சொல்லுங்கள். அது யாருடைய தவறாலும் வந்ததன்று, தொட்டால் ஒட்டிக்கொள்ளாது என்றும் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே கூறுங்கள். பொய்யான உறுதி வேண்டா. ஆசிரியர்களே, அத்தகைய பிள்ளை வகுப்புக்குத் திரும்பும்முன் வீட்டாரிடம் பேசி, சக மாணவர்களிடம் என்ன சொல்லலாம் என்பதைச் சேர்ந்தே முடிவு செய்யுங்கள். சொல்லப்படாத இடத்தைப் பிள்ளைகள் தாங்கள் பார்த்த கதைகளால் நிரப்பிக்கொள்வார்கள்.

பழைய படங்களைப் பார்க்க வேண்டா என்று நான் கூறவில்லை. அவற்றின் பாடல்களும் நடிப்பும் நம் செல்வம். பிள்ளைகளுடன் அமர்ந்து பாருங்கள், அழவும் செய்யுங்கள். படம் முடிந்தபின், இது 1982இல் எடுத்த படம், அப்போது பிழைத்தவர்கள் மிகச் சிலரே, இப்போது பலர் பிழைக்கிறார்கள் என்று ஒரு வரி சொல்லுங்கள். அவர் ஏன் அவளிடம் சொல்லவில்லை, நீயாக இருந்தால் சொல்வாயா என்றும் கேட்டுப் பாருங்கள். என் வகுப்பில் கேட்டபோது ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் “சொல்வேன்” என்றே கையுயர்த்தினார்கள்.